நூற்றுப் பத்து ராத்தல்

தென்காசி
18-6-1961

அன்புள்ள குழலக்காவுக்கு,

தம்பி பால்வண்ணன் எழுதுவது. வீட்டில் நாங்கள் மூன்று பேரும் சுகம். நர்ஸ் படிப்பு விடுதியில் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா, மதுரை வெயிலில் தலைவலி வருகிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இங்கே சாரல் தொடங்கிவிட்டது.

விஷயம் என்னவென்றால், போன வாரம் அப்பா என்னைத் தம் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் அளந்து பார்த்தார். வருகிற ஜனவரியில் பாளையங்கோட்டையில் போலீசுக்கு ஆள் எடுக்கிறார்களாம். அதற்குள் எனக்குப் பதினெட்டு முடிந்துவிடும். உயரம் ஐந்தடி ஆறங்குலம், அது போதும். மார்பு முப்பத்தொன்று வேண்டும், எனக்கு இருபத்தொன்பதுதான். எடை நூற்றுப் பத்து ராத்தல் வேண்டும். ரயிலடி மெஷினில் காசு போட்டு ஏறி நின்றேன். தொண்ணூற்றாறு.

கான்ஸ்டபிள் சொரிமுத்து அண்ணாச்சி, "ஏட்டையா, லத்தி இல்லாத அன்னைக்குத் தம்பியக் கையில பிடிச்சிக்கிடலாம் போலுக்கே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தார்.

எனக்கும் போலீசில் சேர ஆசைதான் அக்கா. அப்துல் மஜீது அண்ணாச்சியின் தேகப்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்துவிட்டேன். தண்டால் பதினைந்து எடுப்பதற்குள் கை நடுங்குகிறது. என்ன சாப்பிட்டால் உடம்பு ஏறும்? உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுது.

உன் பதிலை எதிர்பார்க்கும்
பால்வண்ணன்


மதுரை
27-6-1961

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசி. நான் சுகமாக இருக்கிறேன், தலைவலி இல்லை என்று அம்மாவிடம் சொல். இந்தக் கடிதத்தையும் வழக்கம்போல அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

எங்கள் வார்டு டாக்டரிடம் உன் அளவுகளைச் சொன்னேன். "பையன் உயரத்துக்கு வளர்ந்துவிட்டான், சதை பின்னால் வரும்" என்றார். மாதத்துக்கு இரண்டு மூன்று ராத்தல் ஏறினாலே நல்ல ஏற்றமாம். முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து வாங்கிச் சாப்பிடு. காலையில் சோற்று நீத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டு ஓடாதே. இட்லியோ பழையதோ, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போ. நிலக்கடலை ஒரு கை ஊறவைத்துக் கருப்பட்டியோடு தின்னு. மதியம் சோற்றோடு பயறு கட்டாயம் வேண்டும். தினம் இரண்டு முட்டை. வேகவைத்துச் சாப்பிடு, பச்சையாகக் குடிக்காதே. உளுந்தங்களியில் நல்லெண்ணெய் ஊற்ற அம்மாவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தண்டால், பஸ்கி எல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். தூக்கம் எட்டு மணி நேரம்.

ஆறு மாதத்தில் பதினான்கு ராத்தல் ஏறுமா என்று கேட்டால், ஏறலாம், ஏறாமலும் போகலாம். இந்த ஜனவரி இல்லையென்றால் அடுத்த ஜனவரி. இந்த வரியை மட்டும் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டு.

பிரியமுள்ள
குழல்வாய்மொழி


தென்காசி
6-8-1961

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமறிய ஆவல். நீ எழுதியபடிதான் சாப்பிடுகிறேன். முட்டையும் கடலையும் ஒருநாள் தவறவில்லை. இப்போது தொண்ணூற்றொன்பது ராத்தல். தண்டால் நாற்பது எடுக்கிறேன். "நல்லா ஏறுதுலே, இப்படியே போ" என்று மஜீது அண்ணாச்சி தோளைத் தட்டினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்பாவுக்குப் போதவில்லை. உன் வரியை வாசித்துக் காட்டினேன். "அடுத்த வருஷம் எனக்கு ரிட்டயர்டு, நான் உடுப்போட இருக்கும்போதே இவன் உடுப்புப் போடணும்" என்றார். நேற்று முன்தினம் சாப்பிடும்போது அம்மாவை ஏசிவிட்டார். "என்னத்தத்தான் பொங்கிப் போடுதே இவனுக்கு? ஊர்ல உள்ள பிள்ளையெல்லாம் கொழுகொழுன்னு அலையுது. ஒம் பிள்ள மட்டும் மூங்கிக் கம்பு கணக்கா நிக்கான். பெத்தா மட்டும் போதுமா?" அன்று அம்மா சாப்பிடவே இல்லை.

இன்று பக்கத்து வீட்டு ஹாஜரா பீவி மாமியோடு குற்றாலத்துக்குக் குளிக்கப் போய் வந்தாள். சீசன் கூட்டத்தில் மூச்சுவிட இடமில்லையாம். ஆனாலும் வரும்போது முகம் தெளிவாக இருந்தது. "இனிமே ஒனக்குப் பாலு நாந்தான் ஆத்தித் தருவேன், நீ அடுப்பாங்கரைக்குள்ள வராண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

நீ எப்போது லீவில் வருவாய்?

தம்பி
பால்வண்ணன்


தென்காசி
10-9-1961

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லாரும் சுகம். சுகம் என்று மட்டும் எழுதினால் போதாது, சந்தோஷம். நூற்றெட்டு ராத்தல் அக்கா! ஒரு மாதத்தில் ஒன்பது ராத்தல். மெஷினில் ஏதோ கோளாறு என்று இறங்கி இன்னொரு தரம் காசு போட்டு ஏறினேன். அதே நூற்றெட்டு.

முகம் உருண்டுவிட்டது. கன்னத்தில் எலும்பு தெரியவில்லை. பழைய செருப்பில் கால் நுழையாமல் அப்பா புதுச் செருப்பு வாங்கித் தந்தார். வேட்டி முடிச்சு வயிற்றில் பதிந்து தடம் விழுகிறது. சொரிமுத்து அண்ணாச்சி, "ஏட்டையா மவனா இது?" என்று கேட்டார். அப்பா என் தோளில் கை போட்டுக்கொண்டு பஜார் வழியாக நடந்தார். அவர் அப்படி நடந்தது எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை.

ஒரே ஒரு சங்கடம். காலையில் எழுந்தால் இமை கனத்துக் கண் திறக்க முடியவில்லை. மஜீது அண்ணாச்சி கூடத்தில் தண்டால் இருபதுக்கே மூச்சு வாங்குகிறது. உடம்பு திடீரென்று ஏறியதால் அப்படி இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ இத்துடன் இருக்கிறது. உன் சிநேகிதிகளுக்குக் காட்டு.

உன் குண்டுத் தம்பி
பால்வண்ணன்


மதுரை
14-9-1961

தம்பி பால்வண்ணா,

நான் சுகம். போட்டோ வந்தது. ஆசையோடு வார்டுக்குக் கொண்டு போய் எங்கள் சிஸ்டரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "இது எந்தக் கட்டில் பேஷண்ட்?" என்று கேட்டார்.

நான் கேட்பதற்கெல்லாம் உடனே பதில் எழுது. முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பார். விரலை எடுத்த பிறகு குழி அப்படியே நிற்கிறதா? மூத்திரம் நுரைத்துப் போகிறதா? அளவு குறைந்திருக்கிறதா? வீக்கம் காலையில் முகத்திலும் மாலையில் காலிலும் இருக்கிறதா? சாப்பாடு தவிர ஏதாவது மருந்து, டானிக், பொடி, லேகியம் சாப்பிடுகிறாயா? கூடத்தில் யாராவது கொடுத்தார்களா?

ஒரு மாதத்தில் ஒன்பது ராத்தல் சதை யாருக்கும் ஏறாது. தண்ணீர் ஏறும். உடனே டாக்டரிடம் போ. பதிலை அடுத்த தபாலில் எதிர்பார்க்கிறேன்.

அக்கா


மதுரை
8-10-1961

அன்புத் தம்பிக்கு,

செப்டம்பர் பதினாலாம் தேதி ஒரு கடிதம் எழுதினேன். இருபத்தைந்தாம் தேதி இன்னொன்று. இரண்டுக்கும் பதில் இல்லை. நீ இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கிடையாது. அம்மா, அப்பா சுகமா? டாக்டரிடம் போனாயா? பரீட்சை நேரம் என்று எனக்கு லீவு தர மறுக்கிறார்கள். ஒரு கார்டாவது போடு. கோபம் என்றால் கோபம் என்றாவது எழுது.

உன் அக்கா
குழல்


தென்காசி
13-10-1961

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதங்கள் கிடைத்தன. அம்மா, அப்பா சுகம். நானும் சுகம். வேலை இருந்ததால் எழுத முடியவில்லை.

மருந்து எதுவும் சாப்பிடவில்லை. எடை இப்போது நூற்றுப் பதினான்கு. அப்பா காக்கித் துணி எடுத்துவிட்டார். இன்னும் அரை அங்குலம் மார்பு வந்தால் போதும் என்று ஸ்டேஷனில் எல்லாரிடமும் சொல்கிறார். அதனால் நீ தயவுசெய்து அப்பாவுக்குத் தனியாக எதுவும் எழுத வேண்டாம்.

கூடத்தில் எனக்கு ஒரு சிநேகிதன் இருக்கிறான். அவன் தெரியாமல் ஏதோ ஒரு பொடியை நாற்பது நாள் சாப்பிட்டுவிட்டான். இப்போது நிறுத்திவிட்டான். நிறுத்தி மூன்று வாரத்துக்கு மேல் ஆகியும் வீக்கம் வடியவில்லை. தானாக வடிந்துவிடுமா? எத்தனை நாள் ஆகும்? அவன் வீட்டில் யாருக்கும் தெரியாமல் சரிசெய்ய வழி இருக்கிறதா? அவனுக்காகக் கேட்கிறேன்.

அம்மா உன்னை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

பால்வண்ணன்


மதுரை
16-10-1961

என் தம்பிக்கு,

உன் சிநேகிதனுக்கு எழுதுகிறேன். தானாக வடியாது. நாள் போகப் போக மூத்திரக்காய், அதாவது கிட்னி, கெட்டுவிடும். அப்புறம் அழுதும் பயனில்லை. இந்த வார்டில் அப்படி இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே வந்து சேர். ரயிலில் காலைத் தொங்கவிடாமல் பலகை மேல் நீட்டிக்கொள். மிச்சப் பொடி இருந்தால் ஒரு பொட்டலம்கூட எறியாமல் கொண்டு வா, சோதித்துப் பார்க்க வேண்டும். யார் கொடுத்தது, ஏன் தின்றாய் என்று நான் கேட்கமாட்டேன். நீ ஞாயிற்றுக்கிழமை வராவிட்டால் திங்கட்கிழமை காலை அப்பாவுக்குத் தந்தி போகும்.

நான் ஸ்டேஷனில் நிற்பேன்.

குழலக்கா


தென்காசி
2-11-1961

செல்வ மகள் குழல்வாய்மொழிக்கு,

அப்பா ஆவுடைநாயகம் ஆசீர்வாதம். இங்கு நானும் உன் தாயாரும் க்ஷேமம். அங்கு மேற்படி பையனின் நிலைமை குறித்து உடனே விவரம் தெரிவிக்கவும்.

புறப்படும் முன் அவன் என்னிடம் வந்து, குற்றாலத்தில் சீசன் கடை போட்டிருந்த ஒரு நாடோடி வியாபாரியிடம் உடம்பு ஏறும் பொடி நாற்பத்தெட்டுப் பொட்டலம் வாங்கியதாகவும், நாற்பத்தொன்று தின்றதாகவும் ஒப்புக்கொண்டான். என் கோபத்தில் கன்னத்தில் அடித்துவிட்டேன். வீங்கின கன்னம். என் விரல் நாலும் அதில் பள்ளமாக நின்றது. நான் ரயிலேற்றிவிட்டுத் திரும்பும் வரைக்கும் அந்தப் பள்ளம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வியாபாரியைத் தேடி ஐந்தருவி, செங்கோட்டை, புனலூர் வரை போய் விசாரித்தேன். சீசன் முடிந்ததும் ஆள் மலை தாண்டிவிட்டான். பெயர்கூட ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

சொந்தப் புத்தி கெட்டுப்போய் இப்படிச் செய்துவிட்டானே என்றுதான் வருத்தம். உன் தாயார் சரியாகச் சாப்பிடுவதில்லை. மதுரைக்குப் போய் வா என்றால் மாட்டேன் என்கிறாள். காரணம் கேட்டால் எழுந்து போய்விடுகிறாள்.

ஆவுடைநாயகம்


மதுரை
10-11-1961

மரியாதைக்குரிய அப்பாவுக்கு,

மகள் குழல்வாய்மொழி வணக்கம். நான் சுகம். தம்பி பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் நேற்றுத்தான் வாய் திறந்து சொன்னார். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. மன்னிக்கவும்.

பொடியில் பாதரசம் இருந்திருக்கிறது. அது மூத்திரக்காயைக் கெடுத்து, உடம்புச் சத்தெல்லாம் மூத்திரத்தில் போய், தண்ணீர் தோலுக்கடியில் தங்கிவிட்டது. நாம் எடை என்று பார்த்தது அந்தத் தண்ணீரைத்தான். இப்போது வடிந்துகொண்டிருக்கிறது. நூற்றுப் பதினான்கு நேற்று நூற்றொன்று ஆனது. இன்னும் வடியும். சட்டையைக் கழற்றினால் ஜூன் மாதம் இருந்ததைவிட மெலிவாக இருப்பான், நீங்கள் பயப்படக் கூடாது. ஜனவரித் தேர்வைப் பற்றி இனிப் பேச வேண்டாம் அப்பா. அவன் அதைப் பற்றித்தான் தினமும் கேட்கிறான்.

பொடியை எங்கே, எப்போது வாங்கினாய் என்று டாக்டர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் வேறு வேறு விதமாகச் சொன்னான். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அம்மாவை வரச் சொல்லுங்கள். அவன் கேட்கிறான்.

குழல்வாய்மொழி


தென்காசி
24-11-1961

எம் மவ குழலுக்கு,

அம்மா பேச்சித்தாய் எழுதச் சொல்லுதேன். ஹாஜரா மவ நூர்நிஷா எழுதுதா. நான் ஒருமாதிரி இருக்கேன். நீயும் எம் பிள்ளையும் எப்படி இருக்கிய?

அந்தப் பொடிய அவன் வாங்கல. நாந்தான் வாங்குனேன். ஒங்க அப்பா ஏசுனாகல்லா, அதுக்கு ரெண்டு நாளு கழிச்சி குத்தாலத்துக்குப் போனேன். ஹாஜரா வளையல் பாக்கப் போயிருந்தா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. கடைக்காரன் மலை வேருன்னு சொன்னான். ஒரு மண்டலம் பால்ல கலந்து குடு, பிள்ளைக்குச் சொல்லாத, சொன்னா பலிக்காதுன்னான். நான் சொல்லல. அவன் முகம் உருண்டு வர வர, நான் சாமி கும்பிட்டேன் தாயி. வீக்கத்துக்கா சாமி கும்பிட்டேன்.

நீ பொடி லேகியம் உண்டுமான்னு எழுதியிருந்தியே, அந்தக் கடுதாசிய அவந்தான் எனக்கு வாசிச்சான். அந்த வரிய வாசிச்சிட்டு, "அப்படி ஒண்ணும் இல்லையே"ன்னு என்னப் பாத்துச் சிரிச்சான். எனக்கு அழுகை வந்துட்டு. பொட்டலத்தக் கொண்டாந்து அவன் முன்னால வச்சேன். ஒண்ணொண்ணா எண்ணிப் பாத்தான். அப்புறம், "அப்பாட்ட நான் வாங்குனதாவே இருக்கட்டும், நீ வாயத் தொறக்காத"ன்னான். தானா வடிஞ்சிரும்னு ரெண்டு பேரும் நாள எண்ணிக்கிட்டே இருந்தோம். அந்த நாளுதான் எம் பிள்ளையப் பாதி கொன்னுட்டு.

நேத்து மத்தியானம் அப்பா சாப்பிட உக்காந்தாக. சொல்லிட்டேன். "எத்தன நாளு குடுத்தே?"ன்னு கேட்டாக. "நாப்பத்தோரு நாளு"ன்னேன். "எங்கிட்ட ஏன் ஒரு வார்த்த கேக்கல?"ன்னாக. "ஒங்ககிட்ட எப்படிக் கேக்க?"ன்னேன். என்ன அடிப்பாகன்னு நெனச்சேன். அடிக்கல. கையக் கழுவிட்டு ஸ்டேசனுக்குப் போயிட்டாக.

நான் வந்தா அவன் என்னப் பாக்கணுமே. அவன் கேக்கான்னு நீ எழுதுனத அப்பா வாசிச்சாக, நெசமாவே கேட்டான்னா வாரேன். அவங்கிட்ட கேட்டு எழுது.

பேச்சித்தாய்

(அக்கா, மாமி சொன்னபடியே எழுதியிருக்கிறேன். எழுதி முடிப்பதற்குள் மாமி இரண்டு தடவை எழுந்து போய்விட்டார்கள். தம்பிக்கு நாங்கள் துஆ செய்கிறோம். நூர்நிஷா.)


தென்காசி
18-3-1962

அன்புள்ள குழலக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே மூன்று பேரும் இருக்கிறோம். எழுதும்போதெல்லாம் சுகம் என்று தொடங்குவேன். இப்போது அந்தச் சொல்லை எழுதக் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. ஆனாலும் போன மாதத்துக்கு இந்த மாதம் தேவலை. நீ நன்றாக இருக்கிறாயா? என்னால் விட்ட பரீட்சையை எப்போது எழுதுகிறாய்?

வெள்ளிக்கிழமை இங்கே ஆஸ்பத்திரியில் மூத்திரம் சோதித்தார்கள். இன்னும் சத்து கொஞ்சம் போகிறது. மாதாமாதம் வரவேண்டும் என்றார் டாக்டர். போலீஸ் வேலையைப் பற்றிக் கேட்டேன். "இன்னும் ஒரு வருஷம் கழித்துக் கேள்" என்றார். முடியாது என்று சொல்லவில்லை, முடியும் என்றும் சொல்லவில்லை. எடை தொண்ணூற்றைந்து. கால் எலும்பில் அழுத்தினால் குழி விழவில்லை. காலையிலும் மாலையிலும் அழுத்திப் பார்க்கிறேன். நான் பார்த்த பிறகு, தூங்குவதாக நினைத்து அம்மாவும் வந்து அழுத்திப் பார்க்கிறாள். நான் கண்ணைத் திறப்பதில்லை.

ஜனவரியில் தேர்வு நடந்த அன்று அப்பா லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார். காக்கித் துணியைப் பற்றிப் பேச்சில்லை. மஜீது அண்ணாச்சி வந்து, "டாக்டர் சொன்ன பிறகு வாலே, தண்டால் ஒண்ணுல இருந்து தொடங்குவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உப்பில்லாச் சாப்பாடு என்று உங்கள் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள் அல்லவா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் இந்த வீட்டில் யாருக்கும் உப்பில்லை. எனக்குத் தனியாகப் பொங்கினால் கை மாறி உப்பு விழுந்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம். அப்பாவுக்கு உப்பு ஒரு கல் குறைந்தால்கூட ஆகாது என்று உனக்குத் தெரியும். இந்த மூன்று மாதமும் அவர் அந்தச் சப்பென்ற குழம்பை ஒரு சொல் சொல்லாமல் தின்றார். ஒருநாள் சொரிமுத்து அண்ணாச்சி டீக்கடையில் வடை வாங்கிக் கொடுத்ததற்கு, வேண்டாம் என்று திருப்பிவிட்டாராம்.

பழைய மாதிரி அம்மா என் தட்டில் பரிமாறுவதும் இல்லை. பானையையும் கரண்டியையும் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பாள். நானே எடுத்துப் போட்டுக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை டாக்டர், "இனிக் கொஞ்சம் உப்புச் சேர்க்கலாம்" என்றார். வந்து சொன்னேன். மத்தியானம் அம்மா ரசம் வைத்தாள். இறக்கிய பிறகு உப்பு ஜாடியைத் திறந்து கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். கையை ரசத்துக்கு மேலே கொண்டுபோகவும் இல்லை, ஜாடிக்குள் திரும்பப் போடவும் இல்லை.

அப்பா சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். எழுந்து அடுப்பாங்கரைக்குப் போனார். நான் பயந்துவிட்டேன். அவர் அம்மாவின் கையை அடியில் தம் கையால் தாங்கிக்கொண்டார். "போடு பேச்சி. டாக்டர் சொல்லிட்டாருல்லா" என்றார். அம்மா போட்டாள். கரண்டியால் கலக்கிக்கொண்டே அழுதாள். அப்பா உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்றார். சரியாக இல்லை அக்கா, ரொம்பக் கம்மி.

மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்குப் பசி அடங்கவே இல்லை. "அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்று தட்டை நீட்டினேன். அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து வந்து போட்டாள்.

அன்புத் தம்பி
பால்வண்ணன்